டிஸ்க் போச்சு என்று சொல்வதற்கு முன்னால்



கொஞ்சம் நீளமான பதிவு. பெரும்பாறையில் இரண்டு நாளாகச் சாரல், கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது, அதனால் போனிலேயே துண்டு துண்டாகத் தட்டியிருக்கிறேன். நடுவில் கம்ப்யூட்டர் பேச்சு நிறைய வரும். வந்ததும் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். இது மிளகுக் கணக்கைப் பற்றிய பதிவுதான்.

என் தங்கை மகன் இங்கே மிளகும் காபியும் வாங்கி விற்கிற சின்ன வியாபாரி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான் அவனிடம் சரக்குப் போடுகிறவர்கள். சீசனுக்கு முன்னால் அட்வான்ஸ் வாங்குவார்கள். பறித்துக் காயவைத்து மூட்டை வந்து சேர்ந்ததும் அதில் கழிப்பார்கள். மூன்று சீசன் கணக்கு ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. போன மழைக்காலத்தில் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஒரு பெயரைத் தட்டினால் அரை நிமிடம் அப்படியே உறைந்து நிற்கும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மலைக்குக் கீழே ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். பத்து நிமிடம் பார்த்துவிட்டு "டிஸ்க் போச்சு" என்றார்கள். புது டிஸ்க் மாட்டி, பழையதைக் கழிவில் போட்டுவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றே வாரம்தான். புது டிஸ்க்கும் அதே அரை நிமிடம் உறைய ஆரம்பித்தது.

"மாமா, இதையும் மாத்தணுமா?" என்று அப்போதுதான் என்னிடம் வந்தான். நம் பள்ளியில் பிளஸ் டூ படித்து, இப்போது பெங்களூரில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு பையனை போனில் பிடித்தேன். அவன் சொன்ன முதல் வாக்கியம்: "சார், எதையும் கழட்டாதீங்க. கெர்னல் என்ன எழுதி வச்சிருக்குன்னு மொதல்ல பாருங்க." பார்த்தோம். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் போகிற கேபிளில் தகவல் சிதைகிறது என்று வரி வரியாக எழுதியிருந்தது. நூறு ரூபாய் கூட ஆகாத கேபிள். மாற்றியதும் சரியாகிவிட்டது.

அப்படியானால் பழைய டிஸ்க்கும் நல்லதாகவே இருந்திருக்க வேண்டும். அதைத்தான் கழிவில் போட்டாயிற்று. பென்டிரைவில் ஒரு பிரதி இருந்தது, ஆனால் அது முந்தைய சீசனோடு நின்றிருந்தது. இப்போது, கணவரை இழந்து தனியாகத் தோட்டம் பார்க்கிற ஓர் அம்மா, வாங்கிய அட்வான்ஸைத் தை மாதமே கழித்துவிட்டேன் என்கிறார். என் மருமகன் அவரை நம்புகிறான். இன்னும் நாலைந்து பேர் அதையே சொல்கிறார்கள். எல்லோரையும் நம்புகிற அளவுக்கு அவன் கையில் முதல் கிடையாது.

என் கருத்து இதுதான். ஊர்ப்பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்துக்கொடுக்கிறவர்கள், அதில் டிஸ்க் பற்றிய லாக் எங்கே சேர வேண்டும், எவ்வளவு சேர வேண்டும் என்பதை முதல் நாளே அமைத்துக் கொடுக்க வேண்டும். அதைப் படிக்காமல் யாரும் "போச்சு" என்று சொல்லக் கூடாது. இந்த வேலைக்கு ஒரு பைசா செலவில்லை, அரை மணி நேரம் போதும்.

கெர்னல் என்றால் என்ன என்று அத்தைகளும் சித்தப்பாக்களும் கேட்பீர்கள். காபிப் பழத்தில் தோலை உரித்து, மேலோட்டையும் எடுத்தால் உள்ளே பருப்பு இருக்கிறதல்லவா, அதுபோல ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்பருப்பு. கீபோர்டு, திரை, டிஸ்க் எல்லாவற்றோடும் நேரடியாகப் பேசுவது அதுதான். நீங்கள் பார்க்கிற ஜன்னல்களும் படங்களும் மேல்தோல். டிஸ்க் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் திணறினால், மேல்தோலுக்கு ஒன்றும் தெரியாது, சுழலுகிற வட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். பருப்புக்குத் தெரியும். அது ஒரு வரி எழுதி வைக்கும்.

எங்கே எழுதும் என்பதில்தான் விஷயம். இயற்பியல் பிராக்டிகலில் உங்களுக்கு இரண்டு நோட்டு இருந்தது நினைவிருக்கிறதா? அப்சர்வேஷன் நோட்டு ஒன்று, ரெக்கார்டு நோட்டு ஒன்று. ஊசல் ஆடும்போதே கிறுக்கலாக எழுதுவது முதலாவது. வீட்டில் அழகாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதுவது இரண்டாவது. (பக்கத்துப் பெஞ்சு எண்களைப் பார்த்து எழுதியவர்கள் யார் யார் என்று எனக்கு இன்றும் தெரியும்.) கெர்னலிடமும் அப்படியே இரண்டு உண்டு. முதலில் நினைவகத்தில் ஒரு சின்ன இடத்தில் கிறுக்கும். பல கணினிகளில் அதன் அளவு 128 அல்லது 256 கேபிதான். நிறைந்துவிட்டால் பழைய வரிமேலேயே புது வரி எழுதும். கரண்ட் போனால் அத்தனையும் போய்விடும். லினக்ஸில் டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்தைத் தட்டினால் அந்தக் கிறுக்கல் திரையில் வரும். அதை எடுத்து டிஸ்க்கில் ரெக்கார்டாக எழுதி வைப்பது வேறொரு நிரலின் வேலை. சில லினக்ஸ் வகைகளில் அது நிரந்தரமாகச் சேமிக்கும்படி இருக்கும், சிலவற்றில் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் சிலேட்டைத் துடைத்த கதைதான். நம்மூர் மின்சாரத்துக்கு ஒரு நாளில் எத்தனை முறை துடைபடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. நோயாளி டிஸ்க். அவனுடைய நோயை எழுதி வைப்பதும் அதே டிஸ்க்கின் மேலேயே. டிஸ்க் உறைந்து நிற்கிற அந்த அரை நிமிடத்தில், உறைந்துவிட்டது என்ற வரியை எங்கே எழுதுவது? அப்படியே எழுதியிருந்தாலும், டிஸ்க்கைக் கழற்றி வீசும்போது சாட்சியும் சேர்ந்து போகிறது. என் மருமகன் விஷயத்தில் அதுதான் நடந்தது. முதல் டிஸ்க்கில் இருந்த லாக் முதல் டிஸ்க்கோடு போனது. அதனால் லாக்கை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் மூலையில் கிடக்கிற பழைய லேப்டாப் போதும். நெட்கன்சோல் என்று லினக்ஸ் கெர்னலிலேயே ஒரு வசதி இருக்கிறது. டிஸ்க்கைத் தொடாமல், எழுதுகிற வரியை அப்படியே நெட்வொர்க் வழியாகப் பக்கத்து இயந்திரத்துக்குத் தள்ளிவிடும். பெரிய நிறுவனங்களில் இது சாதாரண நடைமுறை. பருவமழைக்கு மரம் விழுந்து கம்பி அறுகிற ஊருக்குத்தான் இது அதிகம் தேவை.

சரி, எவ்வளவு எழுத வேண்டும்? நான் மிகவும் ரசித்த இடம் இது. பிளஸ் டூ கணினி அறிவியல் படித்தவர்கள் ஆக்டல் எண்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். "இதெல்லாம் எங்க சார் உதவும்?" என்று கேட்டீர்களே, இங்கே உதவும்.

லினக்ஸில் சாதாரண சாட்டா டிஸ்க், யுஎஸ்பி டிஸ்க், பென்டிரைவ் எல்லாமே ஒரே வாசல் வழியாகத்தான் போகும். அந்த வாசலுக்கு ஸ்கசி என்று பெயர். 1986-ல் தரப்படுத்தப்பட்ட பழைய முறை. அந்தக் காலத்தில் விலையுயர்ந்த இயந்திரங்களில் மட்டும் இருந்தது, இன்று அதே மொழியில்தான் நம் பென்டிரைவும் பேசுகிறது. (புதிய என்விஎம்இ டிஸ்க்குகளும், போனில் இருக்கிற சில வகை நினைவகங்களும் வேறு வாசல். அதை விட்டுவிடுவோம்.) இந்த வாசலில் நடப்பதை எவ்வளவு விரிவாக எழுதுவது என்பதற்கு ஒரே ஓர் எண் இருக்கிறது. சாதாரணமாக அது பூஜ்யம். பூஜ்யம் என்றாலும் பெரிய எரர் வந்தால் கெர்னல் சும்மா இருக்காது, எழுதும். ஆனால் ஒருமுறை தோற்று, மறுமுறை கேட்டதில் கிடைத்துவிட்ட சின்னத் தடுமாற்றங்களில் பல சத்தமில்லாமல் போய்விடும்.

அந்த எண்ணுக்குள் பத்து இலாகா இருக்கிறது. எரர் ஒன்று, காலக்கெடு தாண்டியது ஒன்று, புதிய டிஸ்க்கைத் தேடுவது ஒன்று, கட்டளை போவது, கட்டளை முடிந்து வருவது என்று மேல்மட்டம், நடுமட்டம், கீழ்மட்டத்துக்குத் தனித்தனியாக. ஒவ்வொரு இலாகாவுக்கும் 0 முதல் 7 வரை மதிப்பு. எட்டு மதிப்பு என்றால் மூன்று பிட். மூன்று பிட் என்றால் ஓர் ஆக்டல் இலக்கம். ஆக, பத்து இலாகாவும் பத்து இலக்கமாக வரிசையாக நிற்கின்றன: ஒன்றாம் இடம், எட்டாம் இடம், 64-ஆம் இடம், 512, 4096 என்று போகும். எல்லாவற்றையும் முழுசாகத் திறந்தால் பத்து ஏழுகள். நம் பத்தடிமான கணக்கில் 1073741823. யாரோ ஒரு கணக்கு வாத்தியார் உட்கார்ந்து வடிவமைத்த மாதிரி இருக்கிறது.

இதில் 4096 என்ற இடம்தான் நடுமட்டத்தில் கட்டளை முடிந்து வருகிற இலாகா. அங்கே 1 வைத்தால், தோற்றுப்போன கட்டளைகளை மட்டும், எந்தக் கட்டளை, ஏன் தோற்றது என்ற விவரத்தோடு எழுதும். 2 வைத்தால், ஜெயித்தவை தோற்றவை எல்லாவற்றையும் எழுதும். அதாவது 4096 என்று கொடுப்பதற்கும் 8192 என்று கொடுப்பதற்கும் ஒரே ஒரு படிதான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு படியில் நிலைமையே தலைகீழ். நினைத்துப் பாருங்கள். டிஸ்க்கில் ஒரு வரி எழுதுகிறோம். எழுதி முடித்தேன் என்று கெர்னல் ஒரு வரி லாக் எழுதுகிறது. அந்த லாக் போய்ச் சேருகிற இடமும் அதே டிஸ்க். அதையும் எழுதி முடித்தேன் என்று இன்னொரு வரி. எஸ்டேட் கணக்குப்பிள்ளை, "கணக்கு எழுதினேன்" என்பதையும் கணக்கில் எழுதி, அதை எழுதினேன் என்பதையும் எழுத ஆரம்பித்தால் மஸ்டர் எடுக்க யார் இருப்பார்கள்?

அதனால்தான், "எல்லாத்தையும் ஆன் பண்ணி வச்சிருங்க சார், பின்னால உதவும்" என்று சொல்கிற இளைஞர்களோடு நான் உடன்படுவதில்லை. முழுசாகத் திறந்த லாக் மூடிய லாக்கைவிட மோசமானது. அந்தச் சின்னக் கிறுக்கல் இடம் நொடியில் நிறைந்து, முக்கியமான ஒரு வரியின் மேலேயே ஆயிரம் வெட்டி வரிகளை எழுதிவிடும். விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அடிஷனல் ஷீட் எண்ணிக்கைக்கும் விடைக்கும் சம்பந்தமில்லை. என் யோசனை, நல்ல நாளில் பூஜ்யத்திலேயே இருக்கட்டும். சந்தேகம் வந்தால் 4096. காலக்கெடுவும் தாண்டுகிறது என்று தோன்றினால் அதற்கு ஒரு 3 சேர்த்து, 24 கூட்டி 4120. ஒரு வாரம் பார்த்துவிட்டு மறுபடி பூஜ்யம். கம்ப்யூட்டரை அணைக்கவே தேவையில்லை, ஓடும்போதே மாற்றலாம்.

அந்த அரை நிமிட உறைவுக்கும் இதில் விளக்கம் இருக்கிறது. லினக்ஸ், டிஸ்க்குக்கு ஒரு கட்டளை கொடுத்துவிட்டு வழக்கமாக 30 நொடி காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் கட்டளையை ரத்து செய்து, இணைப்பைத் தட்டி எழுப்பி, மறுபடி கேட்கும். என் மருமகன் "அரை நிமிஷம் நிக்குது மாமா" என்று சொன்னது அவனுக்குத் தெரியாமலே துல்லியமான அளவு. அவன் வயதில் ஸ்டாப் கிளாக் கையில் கொடுத்தும் இவ்வளவு சரியாக எடுத்ததில்லை.

தோல்விக்குக் காரணம் சொல்லும்போது டிஸ்க் ஓர் எண்ணைத் தரும். 3 என்றால் டிஸ்க்கின் தட்டிலேயே கோளாறு, அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை. 4 என்றால் உள்ளே இருக்கிற இயந்திரப் பகுதியில் கோளாறு. 11 என்றால் கட்டளை பாதியில் கைவிடப்பட்டது, இதற்குப் பின்னால் பல நேரம் வழியில் நடந்த சிதைவு இருக்கும். மூன்றும் மூன்று வைத்தியம். 3 வந்தால் உடனே நகல் எடுத்துக்கொண்டு டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான். 11 வந்தால் முதலில் கேபிளையும் பவரையும் பார்க்க வேண்டும். இது தவிர, டிஸ்க் தனக்குள் சொந்தமாக ஒரு கணக்கு வைத்திருக்கும், ஸ்மார்ட் என்று பெயர். அதில் 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் கொடுத்த பகுதிகளின் எண்ணிக்கை. 197-ஆம் எண், சந்தேகத்தில் நிற்கிற பகுதிகள். 199-ஆம் எண், கேபிளில் சிதைந்து வந்தவை. மருமகனின் புது டிஸ்க்கில் 5-உம் 197-உம் பூஜ்யம். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனது. கேபிள் மாற்றிய பிறகு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த எண் ஒருபோதும் இறங்காது, ஏறாமல் இருந்தாலே குணமாகிவிட்டது என்று பொருள். சாரல் ஈரத்தில் கேபிள் முனை கறுத்ததா, பெட்டியைத் திறந்து மூடியதில் தளர்ந்ததா என்பதை எந்த லாக்கும் சொல்லாது.

தேதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மூர்க் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு அது தெரியாது. போர்டில் இருக்கிற நாணயம் மாதிரியான சின்ன பேட்டரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் ஏதோ பழைய வருஷம் காட்டும். இன்டர்நெட் இருந்தால் திருத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் அப்படியே ஓடும். கெர்னல் தன் வரிகளில் போடுவது, தான் கண் விழித்ததிலிருந்து எத்தனை நொடி என்ற எண் மட்டும்தான். அதை நாளும் மணியுமாக மாற்றுவது அந்தக் கடிகாரத்தை நம்பி. நமக்கு மேலே கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு உங்களில் சிலரைக் கூட்டிப்போயிருக்கிறேன். 1899-ல் தொடங்கிய இடம். 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். 1904-லிருந்து எடுத்த சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன, பழையவை கண்ணாடித் தட்டுகளில். இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அவற்றையெல்லாம் கணினிக்கு ஏற்றியிருக்கிறது, உலகம் முழுவதும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எந்த நாள், எந்த நேரம் என்று தெரியாத தட்டை யார் சீந்துவார்கள்? லாக்கும் அப்படித்தான். "திங்கள்கிழமை கரண்ட் வந்ததும் பிழை" என்று தெரிந்தால் பவரைச் சந்தேகிக்கலாம். "2009 ஜனவரி 1" என்று போட்டிருந்தால் யாரைச் சந்தேகிப்பது? முப்பது நாற்பது ரூபாய் பேட்டரி அது. வாங்கிப் போடுங்கள்.

எஸ்டேட்டில் வேலை பார்த்த குடும்பங்களுக்கு மழைமானி நோட்டு தெரியும். தினம் காலையில் அளந்து இத்தனை இஞ்ச், இத்தனை சென்ட் என்று எழுதுவார்கள். காபிக்குப் பூமழை எந்தத் தேதியில் விழுந்தது என்பதற்கு அந்த நோட்டுதான் ஆதாரம். அதில் எனக்குப் பிடித்தது, மழையே இல்லாத நாளிலும் ஒரு பூஜ்யம் எழுதுவது. எழுதாமல் விட்டால், மழை இல்லையா, அளக்கிறவர் வரவில்லையா என்று பின்னால் தெரியாது. கெர்னல் லாக்கில் அந்தப் பூஜ்யம் கிடையாது. பிரச்சினை இல்லாவிட்டால் மௌனம், லாக் எழுதுவதே நின்றுபோனாலும் அதே மௌனம். இதற்கு ஸ்மார்ட்டி என்று பின்னணியில் ஓடுகிற நிரல் ஒன்று இருக்கிறது. அமைத்துவிட்டால் அரை மணிக்கு ஒருமுறை டிஸ்க்கின் சொந்தக் கணக்கைப் பார்த்து, மாறுதல் இருந்தால் சொல்லும். ஆனால் அதுவும் உயிரோடு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை நாம் எட்டிப் பார்க்க வேண்டும்.

இதை நான் சொன்னதும் சென்னையில் இருக்கிற என் அண்ணன் மகன், "சித்தப்பா, லாக் எல்லாம் யார் படிப்பாங்க? ஒழுங்கா பேக்கப் எடுத்தா போதாதா?" என்றான். நியாயமான கேள்வி, அதில் பாதி உண்மையும் இருக்கிறது. 2007-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படிக்க முடியாத பகுதி ஒன்று முதன்முறையாகத் தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செயலிழக்கிற வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். அதே கட்டுரையில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், முக்கியமான அந்த நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் செத்தன என்றும் இருக்கிறது. ஆகவே லாக் சுத்தமாக இருக்கிறது என்று யாரும் பேக்கப்பை விடக்கூடாது. ஆனால் பேக்கப் எடுத்தவனுக்கும் லாக் தேவை. பாதி சிதைந்த கோப்பை நேற்றைய நல்ல பிரதியின் மேல் எழுதிவிட்டால் பேக்கப் என்ன செய்யும்? எந்தத் தேதியிலிருந்து கோளாறு என்று தெரிந்தால்தான் எந்தப் பிரதிக்குத் திரும்புவது என்று தெரியும். அவன் வீட்டில் ஃபைபர் இருக்கிறது, எல்லாம் தானாக மேகத்துக்கு ஏறுகிறது. இங்கே போனைத் தூக்கிக்கொண்டு சிக்னலுக்காக ரோட்டு வளைவு வரை போகிறவர்களிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

இன்னொரு பயம் சொன்னார் ஒரு மாமா: லாக்கை வெளியூர்ப் பையனுக்கு அனுப்பினால் நம் கணக்கு அவனுக்குத் தெரிந்துவிடாதா? தெரியாது. எந்தக் கட்டளை, டிஸ்க்கில் எத்தனையாவது இடம் என்பதுதான் அதில் இருக்கும், உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது இருக்காது. டிஸ்க்கின் வரிசை எண்ணும் கம்ப்யூட்டருக்கு வைத்த பெயரும் இருக்கலாம், வேண்டுமானால் அதை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அதிலும் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. சிஸ்டம் என்ற பகுதியில் டிஸ்க் சம்பந்தமாக 7 என்ற எண் இருந்தால் கெட்ட பகுதி. 11 என்றால் இடையில் இருக்கிற கன்ட்ரோலரில் சிக்கல். 153 என்றால் ஒரு கட்டளையை மறுபடி கேட்க வேண்டியிருந்தது. 129 என்றால் பதில் வராமல் டிஸ்க்கைத் தட்டி எழுப்பியது. இவை தானாகவே சேர்ந்துகொண்டிருக்கும், திறந்து பார்க்கத்தான் ஆளில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது எட்டாத விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2011-ல் அரசு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது நம் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ், 2007-லேயே வந்துவிட்டது. அதாவது கெர்னல் எழுதுகிறதைப் படிக்கிற வசதி தாண்டிக்குடி வரை, பன்றிமலை வரை அன்றைக்கே வந்து சேர்ந்தது. அந்தப் பக்கம் எத்தனை பேர் போனீர்கள்? சினிமா பார்க்கத்தான் பெரும்பாலும் பயன்பட்டது, அதிலும் தப்பில்லை. பிராக்டிகலுக்கு வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வாரத்தில் இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். கணினி ஆசிரியராக இருக்கிற நம் மாணவர்கள் ஐந்தாறு பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பழைய டிஸ்க் ஒன்றை வைத்து, கேபிளைத் தளர்த்தி, லாக்கில் என்ன வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டிப் பாருங்கள். பவர்பாயின்ட்டில் அனிமேஷன் சொல்லிக்கொடுப்பதைவிட அவர்கள் கண்ணில் வெளிச்சம் அதிகமாகத் தெரியும்.

பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிற மாணவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள், அது உங்கள் தொழில். ஆனால் எந்த வரியைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதை பில்லின் பின்னால் எழுதிக் கொடுங்கள். பழைய டிஸ்க்கை வாடிக்கையாளர் கையில் கொடுத்து அனுப்புங்கள். அது அவர் பொருள், அதற்குள் யாருடைய அட்வான்ஸ் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

அந்த அம்மாவின் கணக்கை எப்படித் தீர்ப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. வெள்ளைத்தாளில் கைப்பட எழுதிய எடைச்சீட்டுகளை யாராவது பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். புல்லாவெளிப் பக்கம் இரண்டு வீட்டில் அரிசி டப்பாவுக்குள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாறை, மஞ்சள்பரப்புப் பக்கம் உள்ள சொந்தங்கள், போன இரண்டு சீசனில் என் மருமகனிடம் மிளகு போட்ட சீட்டு வீட்டில் இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, தேதி மட்டும் தெரிய வேண்டும்.